வேணாம்னு எழுது

புஷ்பவல்லி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். படிப்பு ஏறாமல் இல்லை. அம்மா விடியுமுன்னே காசிமேட்டுக்கு மீன் ஏலம் எடுக்கப் போய்விடுவாள். அப்பன் கடலில். தம்பிக்குக் கஞ்சி ஊற்றி, மூக்கைச் சிந்திவிட்டு, பக்கத்து வீட்டில் அவனை விட்டுவிட்டு இவள் ஓடுவதற்குள் பள்ளிக்கூடத்து இரும்பு கேட்டைச் சாத்தியிருப்பார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை எத்தனை நாள்தான் நிற்கும்? ஒருநாள் திரும்பி நடந்தாள். மறுநாள் அம்மாவோடு பஸ் ஏறிக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு வாத்தியார்கூட அந்தத் திருவொற்றியூர் குப்பத்துக்குள் கால் வைக்கவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. புருஷன் சுப்புராயன் விசைப்படகில் போகிறவன், போனால் பத்து நாள் கழித்துத்தான் முகத்தைக் காட்டுவான். ஒரே மகள் கீர்த்தி அதே பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. கேட்டும் அதே கேட்டுதான். நாலு தடவை பெயின்ட் மாறியிருக்கிறது, பூட்டுகிற நேரம் மட்டும் மாறவே இல்லை.

போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு ஆபீசர் வந்து கூட்டம் போட்டார். பிள்ளைகள் சரியாக வருவதில்லை, அதனால் இந்தப் பள்ளியை மூடி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்க்கப் போவதாகச் சொன்னார். மெயின் ரோடு என்றால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ராவும் பகலும் வால் பிடித்து நிற்கிற ரோடு. பெரிய ஆம்பிளையே அதைக் கடக்க கையை நீட்டிக்கொண்டு கால் மணி நேரம் நிற்பான். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எப்படிக் கடக்கும்?

ஆபீசர் மூன்று தடவை கேட்டார், யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று. முப்பத்தோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இருமக்கூட இல்லை. முறைத்துப் பார்த்தபடி அப்படியே இருந்தார்கள். ஆபீசர் என்னவோ எழுதினார், கூட்டத்துக்கு வந்ததற்கு என்று கையெழுத்து வாங்கினார், நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

புஷ்பவல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "ஒருத்தியும் வாயத் தொறக்கலியே. மூட்டையக் கட்டிக்கினு பூட்டாரு" என்று சுப்புராயனிடம் சொன்னாள். அவனும் சபாஷ் என்றான்.

அவர்கள் கணக்கு அப்படி. ஏலத்தில் கூறு போட்டு வைத்த மீனுக்கு ஏலக்காரன் ஒரு விலை சொல்வான். வேண்டும் என்கிறவள் குரல் கொடுப்பாள். வேண்டாம் என்கிறவள் கம்மென்று இருப்பாள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை என்றால் அவன் இறங்கி வர வேண்டும், இல்லையென்றால் மீனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கூட்டமாக வாயை மூடுவதைவிடப் பெரிய மறுப்பு அந்த மணலில் கிடையாது. ஆபீசரையும் அப்படித்தான் விரட்டியடித்தோம் என்று குப்பமே நிம்மதியாகத் தூங்கியது.

பத்து நாள் கழித்து கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் செல்லக்கனிதான் அதைப் படித்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, பத்தாவது வரை படித்தவள், அந்தக் கூட்டத்துக்கு வராதவள்.

"எல்லாரும் மனசார ஒத்துக்கிட்டியன்னுல்லா போட்டிருக்கு. ஒருத்தரும் மறுப்பு சொல்லலையாம்."

"நாங்கதான் வாயே தொறக்கலியே" என்றாள் புஷ்பவல்லி.

"அதத்தாம்மா எழுதியிருக்கான்."

புஷ்பவல்லி கடை வாசலில் இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் மண்டையில் இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் முதலில் தன்னைத்தான் வைதாள், அப்புறம் ஆபீசரை. அவரை வைததை இங்கே எழுத முடியாது.

பெண்களைத் திரட்டிக்கொண்டு தலைமையாசிரியை ஜெயஸ்ரீயிடம் போனாள். எல்லாரும் அந்த அம்மாவைப் பிடித்துக் கத்தினார்கள். ஜெயஸ்ரீ கத்தவில்லை. போனை எடுத்து, வருகையைப் பதிகிற ஆப்பைக் காட்டினாள்.

"பத்து மணிக்கு வர்ற பிள்ளையையும் நான் உள்ள விடறேன். ஆனா ஒன்பதரைக்கே வருகை இதுல ஏறிடுது. அறுபத்து மூணுல இருபதுகூட இல்ல. இத வெச்சுத்தான் மூடறாங்க."

அவள் சொன்னது உண்மைதானே. தாய்மார்கள் மீன் விற்றுத் திரும்பவே பத்தாகும். அதுவரை பிள்ளைகள் தெருவில் புழுதி ஆடும். கேட்டு நமக்காகக் காத்திருக்காது, நாமதான் கேட்டுக்கு முந்த வேண்டும் என்றாள் புஷ்பவல்லி. தினம் தெருவுக்கு ஒருத்தி ஏலத்துக்குப் போகாமல் நிற்பது, தெருப் பிள்ளைகளை எல்லாம் குளிப்பாட்டித் தலை வாரி எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அவளுடைய கூடையை மற்றவர்கள் சேர்த்து விற்பது. இதுதான் அவள் சொன்ன ஏற்பாடு.

என் கூடையை இன்னொருத்தி விற்றால் விளங்குமா என்று ஒருத்தி இழுத்தாள்.

"போட்டுல வலை தைக்கக் கரையில நிக்கறவனுக்குப் பங்கு கீதா இல்லியா? புள்ளைய இட்டுக்கினு போறவளுக்கும் பங்கு. அவ்ளோதான்."

பங்கு என்றதும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஜெயஸ்ரீயும் இறங்கி வந்தாள். பள்ளிக்கூடத்தில் போடுகிற காலைச் சாப்பாடு முடிந்து மணி அடிக்கும்வரை, எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகளுக்குச் செல்லக்கனியின் மகள் ஜெனி காலேஜுக்குப் போகுமுன் படித்துக் காட்டுவது என்று முடிவாயிற்று.

ஊர்ப் பஞ்சாயத்து ஆம்பிளைகளுக்கு இது பிடிக்கவில்லை. எங்களைக் கேட்காமல் பெண்கள் எப்படி முடிவெடுக்கலாம் என்று சுப்புராயனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவனும் வீட்டுக்கு வந்து மீசையை முறுக்கினான்.

"பஞ்சாயத்துல எங்களுக்கு எடம் கெடியாது, சரி. ஒரு நாளாவது நீ கேட்டாண்ட வந்து நின்னுகீறியா? அப்ப பள்ளிக்கூடத்துல ஒனக்கு எடம் கெடியாது. துன்னுட்டுப் படு."

அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

மூன்று வாரம் முறை தவறாமல் நடந்தது. அப்புறம் ஒரு நாள் முப்பத்தோரு பேரும் விற்காத நெத்திலியும் சங்கராவும் கூடையிலிருக்க, நேரே கல்வி ஆபீஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்தார்கள். ஐயா மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். இருக்கட்டும் என்றார்கள் இவர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்கள். அப்போதுதான் மீட்டிங் முடிந்தது.

எழுதினது எழுதினதுதான், மாற்ற முடியாது என்றார் ஆபீசர்.

"மாத்த வேணாம் சார். புதுசா இன்னொண்ணு எழுது. பன்னெண்டு மணிக்குக் கூட்டம் போடு. பத்து மணிக்குப் போட்டா நாங்க பாதிப் பேரு பஸ்ல இருப்போம்."

அடுத்த வாரம் பன்னிரண்டு மணிக்கே கூட்டம் நடந்தது. ஜெயஸ்ரீ மூன்று வார வருகையை வாசித்தாள். அறுபத்து மூன்றில் ஐம்பத்தெட்டுக்குக் குறைந்த நாளே இல்லை. ஆபீசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இருந்தாலும் இணைப்பு மேலிடத்து முடிவு, ஆட்சேபனை இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

புஷ்பவல்லி எழுந்தாள். நூறு பேர் நடுவே ஏலம் கேட்கிறவளுக்கு ஆபீசர் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பயம்.

"என் பேரு புஷ்பவல்லி. பொண்ணு கீர்த்தி, நாலாங் கிளாஸ். எனக்கு இது வேணாம். வேணாம்னு எழுது."

அவள் உட்காருமுன் பக்கத்தில் இருந்தவள் எழுந்து தன் பேர், பிள்ளை பேர் சொல்லி வேணாம் என்றாள். அப்புறம் அடுத்தவள். ஏழாவது ஆளில் ஆபீசர் பேனாவை வைத்துவிட்டு, புரிந்தது, எல்லாருக்கும் ஒன்றாகப் போட்டுவிடுகிறேன் என்றார்.

"ஒண்ணாப் போட்டுத்தான போன தபா எங்களக் கவுத்த" என்றாள் புஷ்பவல்லி. "ஒவ்வொருத்தி பேராப் போடு. எங்களுக்கு இன்னா அவசரம். மீனெல்லாம் வித்துட்டுத்தான் வந்துகீறோம்."

முப்பத்தோரு பேரையும் எழுதினார். இந்தத் தடவை கூட்டத்துக்கு வந்திருந்த செல்லக்கனி அதை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

இணைப்பை ஒரு வருஷம் நிறுத்தி வைத்து உத்தரவு வந்தது. வருகை குறைந்தால் மூடுவோம் என்று கீழே ஒரு வரி. குறையாது என்று புஷ்பவல்லி அந்தத் தாளைப் பார்த்தே சொன்னாள்.

காலையில் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று ஜெயஸ்ரீ கேட்டின் மாற்றுச் சாவியை இவர்களிடம் கொடுத்திருந்தாள். யாருக்கு முறையோ அவள் வீட்டுக்கு அது போகும். எப்போது பார்த்தாலும் அதில் ஒரு மீன் செதில் ஒட்டியிருக்கும். தை மாசம் சோதனைக்கு வந்த ஆபீசர், அரசாங்கச் சாவி வெளியாளிடம் இருக்கக் கூடாது, உடனே ஒப்படையுங்கள் என்றார்.

"இன்னிக்கு யார் மொறையோ அவ வூட்ல கீது" என்றாள் புஷ்பவல்லி. "குப்பத்துக்குள்ள வந்து, பேர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கினு போ. குடுக்கறதும் குடுக்காததும் அவ இஷ்டம்."

ஆபீசர் இன்னும் வரவில்லை. கேட்டு எட்டு மணிக்குத் திறந்துவிடுகிறது.