கலவன்

வயலில் ஒரு பயிர் மட்டும் தலைதூக்கி நின்றால் என் வீட்டுக்காரருக்கு ஆகாது. பிள்ளைப்பாக்கத்தில் விதைக்கு விற்க நெல் போடுகிறவர்கள், கதிர் வரும் சமயத்தில் வயலில் இறங்கி, ரகத்தோடு சேராமல் உயரமாகவோ சிவப்பாகவோ நிற்பதைப் பிடுங்கி எறிவார்கள். அதற்குக் கலவன் என்று பெயர். மற்றவர்கள் பேருக்குப் பிடுங்குவார்கள். இவர் சல்லடை போட்டுச் சலிப்பார்.

தொண்ணூற்றொன்றில் சித்திரையில் போட்ட சொர்ணவாரி சும்மா ஒரு போகம் இல்லை. கம்பெனிக்காரன் நிலம் கேட்கிறான் என்று இவருடைய அண்ணன் விற்கத் துடித்தார். "இந்தப் போகம் தேறட்டும்ணா. தேறலன்னா நீ சொல்ற எடத்துல கையெழுத்துப் போடறேன்" என்று இவர் வாய்விட்டுவிட்டார். வாயா அது!

மணி நுனியில் சிவப்பு மூக்கோடு நின்ற கலவனைப் பிடுங்கும்போது நான், "நல்லாத்தானே கீது, வுடேன்யா" என்றேன்.

"கலவன் கீற வெதைய எவன்மே வாங்குவான்?" என்றார்.

அடுத்த வாரம் பயிர் பூத்தது. அந்த வாரம் பார்த்தா பாழாய்ப்போன வெயில் அப்படிக் கொளுத்த வேண்டும்! வயலில் நின்ற தண்ணீரே காலைச் சுட்டது. அறுப்பு நெருங்கியும் கதிர்கள் தலைசாயவில்லை. கிள்ளிப் பார்த்தால் எல்லாம் பதர்.

வாய்க்கால் மூலையில், கோரைக்கு நடுவே, ஒரே ஒரு கலவன் இவர் கண்ணுக்குத் தப்பியிருந்தது. அதே தண்ணீர், அதே வெயில், அதே வாரம்தான் அதுவும் பூத்தது. கதிர் முட்ட மணி பிடித்துத் தொங்கியது. பூக்கும் நேரத்தில் சூடு ஏறினால் மகரந்தம் செத்துவிடும், சில ரகங்களுக்கு மட்டும் தாங்கும் குணம் பிறப்பிலேயே உண்டு என்று பின்னாளில் ரேடியோவில் சொன்னார்கள். அப்போது தெரிந்து என்ன பிரயோசனம்?

இவர் அந்த நெற்குத்தின் முன்னால் குந்திக்கொண்டு ஒரு மணியை நசுக்கிப் பார்த்தார். "இத்த மாதிரி எத்தினி புடுங்கிப் போட்டேன்மே" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

சொன்ன சொல் மாறாமல் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் நிலத்தை விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வந்தவர் மடியை அவிழ்த்து ஒரு பிடி நெல்லை நீட்டினார். போகிற வழியில் வயலில் இறங்கி அந்தக் கதிர்களை உருவிக்கொண்டு போயிருக்கிறார்.

"ஈரம் படாம எட்த்து வையி. வெதைக்கு ஆவும்."

"இனிமே எங்கய்யா வெதைப்பே" என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.