ஸ்பெஷல் கிளாஸில் இல்லாதவள்

பத்தாவது காலாண்டுத் தேர்வில் நான் கணக்கில் அறுபத்தெட்டு வாங்கினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பதினொன்று வாங்கினாள். அன்றிலிருந்து அவளுக்கு நல்ல காலம் பிறந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் விருத்தாசலம் வந்து ஒரு பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் அந்த ஜூன் மாதம்தான் புதிதாக வந்திருந்தார். இடது கையால் எழுதுவார். கரும்பலகையில் அவர் எழுத்து வலது பக்கம் சாயாமல் நேராக நிற்கும். நான் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இடது கையால் எழுதிப் பழகினேன். அவ்வளவு பிடித்துப்போயிருந்தது அவரை.

காலாண்டு பேப்பர் கொடுத்த அன்றே டீச்சர் வகுப்பை மூன்றாகப் பிரித்துவிட்டார். தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் காலையில் சீக்கிரம் வர வேண்டும், அவர்களில் ஒருத்தியைப் பள்ளியிலேயே முதலாவதாகக் கொண்டுவருவது அவர் திட்டம். பெயிலானவர்கள் சாயங்காலம் சயின்ஸ் லேப்பில் ஸ்பெஷல் கிளாஸுக்கு இருக்க வேண்டும். "மத்தவங்க பெல் அடிச்சதும் வூட்டுக்குப் போலாம்" என்றார். அந்த மத்தவங்களில் நான் ஒருத்தி.

மறுநாள் காலையில் பக்கத்துக்காரி கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"டீச்சர் எங்ககூட தரையிலயே உக்காந்துட்டாங்கடி. வரைபடமும் வடிவியலும் போட்டாவே பாதி பாஸுன்னு சொன்னாங்க. என் கையப் புடிச்சி காம்பஸ் சுத்த வச்சாங்க. என்னைத் தங்கம்னு கூப்பிட்டாங்க."

ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் தின்றவள் அவள். அன்றைக்கு அவள் வாயை மூட மாட்டாளா என்றிருந்தது.

அவள் அப்பா செராமிக் கம்பெனியில் அச்சில் களிமண் கூழ் ஊற்றும் வேலை பார்த்தார். அவரிடம் சொல்லி, நீலப் பூப் போட்ட ஒரு பீங்கான் கப் வாங்கிவந்து டீச்சருக்குக் கொடுத்தாள். டீச்சர் அதில்தான் டீ குடித்தார். ஸ்டாஃப் ரூம் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கப் என் கண்ணில் பட்டது. எங்கள் வீட்டில் கப்புக்கு எங்கே போவது? மணிலாக் கொட்டைதான், அதாவது வேர்க்கடலைதான் இருந்தது. அம்மாவிடம் கெஞ்சி ஒரு பை நிறைய வறுத்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். "எதுக்கும்மா இவ்வளவு?" என்று சிரித்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பக்கத்துக்காரி சொன்னாள்: "நேத்து ஸ்பெஷல் கிளாஸுல டீச்சர் கொட்ட குடுத்தாங்கடி. என்னா ருசி தெரியுமா!"

அது எங்கள் கொல்லையில் விளைந்தது என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை.

பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. டீச்சர் அவள் அப்பாவை எதிரில் உட்காரவைத்து வெகுநேரம் பேசினார். வீட்டில் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள், டிவி ஓடுகிறதா, கண் சரியாகத் தெரிகிறதா என்றெல்லாம் கேட்டார். என் முறை வந்தது. அம்மா உட்காரக்கூட இல்லை.

"உங்க பொண்ணப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க" என்றார் டீச்சர்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம், "டீச்சரு ஒரு கொறயும் சொல்லலீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளைப் பற்றி அத்தனை பேச்சு. என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா?

அரையாண்டில் முக்கோணவியல் வந்தது. கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து கப்பலைப் பார்க்கிற கணக்கு. எந்தக் கோணம் எங்கே வரும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வகுப்பில் எழுந்து கேட்க வாய் வரவில்லை. ஐம்பத்தொன்றுதான் வாங்கினேன். இந்தத் தடவை டீச்சர் கூப்பிடுவார் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கூப்பிடவில்லை. ஐம்பத்தொன்றும் பாஸ்தானே.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு நானே லேப் வாசலில் போய் நின்றேன்.

"நானும் இருக்கட்டுமா டீச்சர்?"

"நீ எதுக்கும்மா? பஸ்ஸு போயிடப் போவுது. நீ தானா படிச்சிக்குவ."

உள்ளேயிருந்து பக்கத்துக்காரி குரல் கொடுத்தாள். "டீச்சர், அவளுக்குக் கலங்கரை விளக்கக் கணக்கு வரல டீச்சர். என்னாண்டகூடக் கேக்க மாட்டேங்கறா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. இவள் எனக்குப் பரிந்து பேசுகிறாளா?

"ஏன் நீ சொல்லல?" என்றார் டீச்சர்.

"நீங்க கேக்கல டீச்சர்."

 டீச்சர் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என் நோட்டில் இடது கையால் ஒரு கலங்கரை விளக்கத்தையும் ஒரு கப்பலையும் வரைந்தார். கப்பலில் ஓர் ஆளையும் வரைந்து, "இவன் தலைய நிமித்திப் பாக்குறான், அவ்வளவுதான்" என்றார். புரிந்துவிட்டது. புரிந்ததும் எழுந்து அடுத்த பெண்ணிடம் போய்விட்டார். இவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அதற்கப்புறம் தினமும் போனேன். ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தும் பொறாமை அடங்கவில்லை. பக்கத்துக்காரி ஒரு கணக்கைச் சரியாகப் போட்டால் டீச்சர் கைதட்டுவார். நான் போட்டால் தலையாட்டுவார்.

பொதுத்தேர்வில் அவள் அறுபத்துமூன்று, நான் எண்பத்திரண்டு. மார்க் பார்க்கப் போன அன்று டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார். என் முதுகில் தட்டி, "நல்ல மார்க்கும்மா" என்றார்.

பதினொன்றாவதில் நான் சயின்ஸ் குரூப் எடுத்தேன், அவள் காமர்ஸ் எடுத்தாள். வகுப்பு பிரிந்ததில் பேச்சும் குறைந்தது. பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடப்போம், அவ்வளவுதான். ஒரு நாள் லேப்பைத் தாண்டிப் போனபோது உள்ளே டீச்சர் குரல் கேட்டது. புது பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ். அவள் ஆசையாக வாசலுக்கு ஓடி, "டீச்சர்!" என்றாள்.

டீச்சர் ஒரு சின்னப் பெண்ணின் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "நல்லாருக்கியா? அப்புறம் வாயேன், கிளாஸு நடக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அவள் திரும்பி வந்தாள். கேட்டைத் தாண்டியதும், "யாருடி அந்த ரெட்ட ஜட? மூஞ்சப் பாத்தாவே தெரியுது, ஏழாம் வாய்ப்பாடுகூட வராது. தோள்ல கை போட்டுக்கினு இருந்தாங்களே, பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்" என்றேன். "டீச்சர் பக்கத்துல ஒட்டி ஒட்டி வேற உக்காந்திருக்கா."

"ஆமாண்டி!" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரும்வரை அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே நடந்தோம்.