ஆளில்லாத வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பால்கனியில் நிற்கிறது. தில்லி லக்ஷ்மிபாய் நகரின் அரசுக் குடியிருப்புகளில் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் காத்திருக்க வேண்டும். அதனால் பால்கனிக்குக் கண்ணாடி அடைத்து ஃப்ரிட்ஜை அங்கே தள்ளிவிடுவது. எங்களுடையது மேற்குப் பார்த்த பால்கனி. மே மாதத்து மாலையில் அங்கே காய்ந்த துணியைத் தொட்டால் இஸ்திரி போட்டு எடுத்ததுபோலச் சுடும்.

அந்த ஃப்ரிட்ஜைத் தேர்ந்தெடுத்தவர் என் மனைவியின் அண்ணன். மோதி பாக்கில் மகனுக்குக் கிடைத்த அரசு வீட்டில் இருக்கிறார். ஓய்வுபெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகள், வீட்டுச் சாதனங்களுக்கு மின்சிக்கன நட்சத்திரம் கொடுக்கும் விதிகள் பற்றிய கோப்புகள் அவருடைய மேஜை வழியாகப் போய் வந்தன. விதியை எழுதியவர் அவரல்ல. கூட்டத்துக்கு அறை ஏற்பாடு செய்தார், தேநீர் சொன்னார், நடந்ததைச் சுருக்கி எழுதிச் சுற்றுக்கு விட்டார். ஆனால் பேச்சில் அவர் எப்போதும் ‘எங்க ரூல்’ என்றுதான் சொல்வார். நட்சத்திரத்தின் மீது அவருக்கு ஒரு குலப்பெருமையே உண்டு.

கடையில் விற்பனையாளரை அவர் பேசவே விடவில்லை. ஒவ்வொரு பெட்டியின் முன்னும் குனிந்து லேபிளைப் படித்தார். நட்சத்திரங்களுக்குக் கீழே, அந்த மதிப்பீடு எந்த ஆண்டு வரை செல்லும் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். கெடு முடிந்தால் அளவுகோல் இறுகும், போன முறை ஐந்து வாங்கியது இந்த முறை நான்குக்கு இறங்கும். தேதி எங்கே இருந்தாலும் படித்துவிடுகிற ஆள் நான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகும்.

“இத எப்படி அளக்கான் தெரியுமா மாப்ள? ஒரே சூடா வச்சிருக்கிற ரூம்ல நிறுத்துவான். கதவ மூடிருவான். உள்ள பாலு, மாவு ஒரு எழவும் கிடையாது. அப்படியே ஓட விட்டு கரண்ட அளப்பான்.”

“வீட்ல கதவத் திறப்போமே அத்தான்?”

“திறப்பீய. ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு தினுசா திறப்பீய. அத எப்படி அளக்க? எப்பவும் ஒரே மாதிரி திறந்து மூடுற ஒரு பொம்பளயக் காட்டுங்க, அவளயே லேப்ல வேலைக்கு வச்சிருவோம்.”

“திறந்தா மூடவே மூடாத ஆம்பள ஒருத்தர் எங்கூடப் பிறந்திருக்காரு. அவர வச்சு அளக்கச் சொல்லேன்” என்றாள் என் மனைவி.

விற்பனையாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தான். ஐந்து நட்சத்திரப் பெட்டி வீட்டுக்கு வந்தது.

என் மனைவி பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். சர்க்கரை நோயை அவளைப் போல அடக்கி ஆள்பவர்களை நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் பாயசம் ஊற்ற வருபவர்களை ஒரு பார்வையில் அடுத்த இலைக்கு அனுப்பிவிடுவாள். டிஸ்பென்சரியில் ஒவ்வொரு முறையும் மருத்துவர் அவளுடைய அட்டையைப் புரட்டி, வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி, “இவங்களப் பாத்துக் கத்துக்குங்க” என்று இந்தியில் சொல்வார். அந்தப் பெயர் அவளுக்குப் பெரிது. அதற்காக எத்தனை பந்திகளில் அவள் பாதியில் எழுந்து கைகழுவியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

போன வைகாசியில், விடுமுறைப் பயணச் சலுகையில் திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். தில்லித் தமிழ்க் குடும்பங்கள் கோடையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில் ஏறுவது வழக்கம்தான். பயணத்துக்கு வேண்டிய மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டோம். டிஸ்பென்சரியில் மொத்தமாகக் கொடுத்திருந்த மீதிக் குப்பிகள் ஃப்ரிட்ஜில் இருந்தன. கீழ்வீட்டில் இருக்கும் நர்ஸம்மா நாகர்கோவில்காரர். அவராகவே மேலே வந்து, “எங்கிட்ட தந்துட்டுப் போங்கக்கா, எங்க ஃப்ரிட்ஜில வைக்கேன்” என்று கேட்டார்.

மைத்துனர் அப்போது எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

“அந்த டப்பா ஃப்ரிட்ஜிலயா? அஞ்சு ஸ்டார வீட்ல வச்சுக்கிட்டு மருந்தக் கீழ கொண்டு போய் வைப்பாகளாக்கும்.”

நர்ஸம்மா கீழே போய்விட்டார்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மைத்துனரே வந்து ஃப்ரிட்ஜைக் காலி செய்தார். பால், காய்கறி, மாவு எல்லாம் வெளியே போயின. ஊறுகாயும் மருந்தும் மட்டும் மிஞ்சின. கதவுக்குக் குறுக்கே பழுப்பு நிற டேப் ஒட்டினார். வாரம் ஒருமுறை துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வருவது அவர் பொறுப்பு. வரும்போது தானே குளிர்ந்த தண்ணீருக்காகக் கதவைத் திறந்துவிடக் கூடாதாம். “லேப்ல எப்படியோ அப்படியே உங்க வீட்லயும். திரும்பி வந்து பில்ல பாருங்க, லேபிள்ல போட்டதும் அதுவும் ஒண்ணா இருக்கும்” என்றார். வெப்பத்தில் வெளியே நாய்கூட நடமாடாத அந்த வாரங்களில், நண்பகல் பேருந்தில் வந்து துளசிக்குத் தண்ணீர் ஊற்றி, டேப் பிரியாமல் இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு குழாய்த் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார். இதை அவரே பெருமையாகச் சொன்னார்.

நாங்கள் திரும்பிய நாள் செவ்வாய்க்கிழமை. டேப்பைப் பிரித்துக் கதவைத் திறந்தேன். உள்ளே பெரிய குளுமை இல்லை. மின்சாரம் போய் இப்போதுதான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜூன் மாதத் தில்லியில் அது ஆச்சரியமில்லை. ஊறுகாய் கெடவில்லை. சாயங்காலத்துக்குள் பெட்டி நன்றாகக் குளிர்ந்துவிட்டது. மைத்துனர் வரவேற்புக்கென்று ஒரு பெட்டி தசேரி மாம்பழம் வாங்கி வைத்திருந்தார்.

அந்த வாரமே மனைவிக்குத் தாகம் தொடங்கியது. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. டிஸ்பென்சரியில் மருந்தின் அளவைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினோம், இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாந்தி எடுத்து, பேச்சு குழறி, ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சேர்த்துக்கொண்டார்கள். அங்கே போட்டது ஆஸ்பத்திரி மருந்து. இரண்டே நாளில் தெளிந்தாள்.

தெளிந்ததும் வார்டுக்கு வந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “ஆம் காயா?” மாம்பழம் சாப்பிட்டீர்களா? இல்லை என்று தலையசைத்தாள். அவர் நம்பாமல் சிரித்தார். டிஸ்சார்ஜ் தாளில் உணவுக் கட்டுப்பாடு மீறப்பட்டதாக ஒரு வரி ஏறியது. டிஸ்பென்சரி மருத்துவர் அதைப் படித்துவிட்டு, அட்டையை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். வெளியே இருந்தவர்களுக்கு அன்று எந்தப் பாடமும் நடக்கவில்லை.

அதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். மைத்துனர் செய்ததை மட்டும் இன்றும் பொறுக்க முடியவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் குளித்துவிட்டு வருவதற்குள் சமையலறைக் குப்பைக் கூடையைத் தினசரித் தாளில் கவிழ்த்து, ஒரு கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். மாங்கொட்டைகளைத் தனியாக ஒதுக்கி வரிசையாக வைத்திருந்தார். ஈ மொய்த்தது. சாறு வடிந்து தாள் நனைந்திருந்தது. அந்தக் கரண்டி நாங்கள் குழம்பு ஊற்றும் கரண்டி.

“இத்தனையும் நீங்க ஒரு ஆளாத் தின்னீயளா மாப்ள?”

“ஆமா. நான்தான் தின்னேன்.”

“பொண்டாட்டிய விட்டுக் குடுக்க மாட்டீய” என்று சொல்லி, அதே கையால் என் தோளில் தட்டினார்.

வார்டில் அவள் கட்டிலருகே உட்கார்ந்தும் அதையே சொன்னார். “ஏட்டி, ஆசையில ஒண்ணு தின்னுட்டேன்னு சொன்னா யாரு உன்ன அடிக்கப் போறா?” பக்கத்துக் கட்டில் பஞ்சாபி அம்மாளிடம் அதை இந்தியில் விளக்கவும் செய்தார். அந்த அம்மாள் அச்சா அச்சா என்று பரிவோடு தலையாட்டினார். என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ஊசி போடுவதற்காகக் குப்பியை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினாள். அவளுடைய மருந்து மோர் போல வெண்மையானது. உருட்டினால் ஒரே சீராகக் கலங்க வேண்டும். அது கலங்கவில்லை. திப்பி திப்பியாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. தாகமும் தலைசுற்றலுமாக இருந்த வாரத்தில் அவள் கவனித்திருக்கவில்லை. இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“இது செத்துப்போன மருந்து” என்றாள். “இத்தன நாளும் தண்ணியத்தான் குத்திக்கிட்டு இருந்திருக்கேன்.”

மற்றக் குப்பிகளும் அப்படியே இருந்தன. கடையில் புதிது வாங்கினோம். சர்க்கரை சொன்னபடி கேட்டது.

பிறகு நான் ஃப்ரிட்ஜோடு வந்த கையேட்டை எடுத்தேன். கையேடு, அரசிதழ், ரயில்வே கால அட்டவணை எதையும் நான் முழுக்கப் படிப்பேன். இதை மட்டும் மைத்துனர் இருக்கிறார் என்று விட்டுவிட்டிருந்தேன். பின்பக்கத்தில் இருந்தது. கதவு தொடர்ந்து சில நாட்கள் திறக்கப்படாவிட்டால், வீட்டில் ஆளில்லை என்று பெட்டி தானாகவே எடுத்துக்கொள்ளும். மேலே உறைபெட்டியை மட்டும் ஓட்டும். கீழ் அறையைக் குளிர்விப்பதை நிறுத்திவிடும். யாராவது கதவைத் திறந்தால் வழக்கமான இயக்கத்துக்குத் திரும்பும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அறிவுள்ள வசதி.

நம்ப முடியாமல் சோதித்துப் பார்த்தேன். எங்கள் பாலையும் மருந்தையும் நர்ஸம்மா வீட்டுக்கு மாற்றினோம். அவர் பழையதை எதையும் சொல்லிக்காட்டவில்லை. எட்டிய உச்ச வெப்பத்தைக் காட்டியபடியே ஊசி நின்றுவிடும் வெப்பமானி ஒன்றைக் கீழ்த்தட்டில் வைத்துக் கதவை மூடினோம். அடுத்த வாரம் திறந்து பார்த்தபோது, கீழ் அறையில் ஏறியிருந்த சூடு பால்கனியின் சூட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

நிறுவனத்துக்குப் புகார் எழுதியதில் பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்தார். கதவைத் திறந்தார், கையை விட்டுப் பார்த்தார், பெட்டி நன்றாக ஓடுகிறது என்றார். ஓடத்தான் செய்யும், நீங்கள் கதவைத் திறந்துவிட்டீர்களே என்றேன். “அதுதான் சாப், தினமும் திறந்து மூடுங்க, பிரச்சினையே இல்ல” என்றார். சில நாள் கழித்து நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. பெட்டி விதிமுறைகளுக்கு உட்பட்டு இயங்குகிறதாம். என் அக்கறைக்கு நன்றி சொல்லி, என் அனுபவத்துக்கு நட்சத்திரம் தரும்படி கேட்டிருந்தார்கள்.

ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்தார். அவர் முன்னால் குப்பியையும் கையேட்டையும் வெப்பமானியையும் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கையேட்டை நிதானமாகப் படித்தார். முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. படித்து முடித்தபோது அவர் கண்ணில் ஒரு மெச்சுதல் இருந்ததைப் பார்த்தேன்.

“நல்லாத்தான் யோசிச்சிருக்கான். ஆளில்லாத வீட்ல எதுக்குக் கரண்ட வீணாக்கணும்?”

“உள்ள மருந்து இருந்தது அத்தான்.”

“உள்ள என்ன இருக்குன்னு ரூல் கேக்காது மாப்ள. அத்தன நாள் கழிச்சு என்ன பண்ணுதுன்னும் கேக்காது. டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டு. அதுல பாஸ் ஆயாச்சு. ரூல்ல ஒரு தப்பும் கிடையாது.”

இந்த மனிதர் ஒருநாள், தாகத்துக்காக ஒரே ஒருநாள், அந்த டேப்பைப் பிரித்திருந்தால் பெட்டி விழித்திருக்கும். சோதனைக்கூடத்தில் எவரும் குடியிருப்பதில்லை. அதனால் குடியிருப்பவர்களை விதியில் சேர்க்க வேண்டியதில்லை என்று ஒரு கூட்டம் தேநீர் குடித்துக்கொண்டு முடிவு செய்கிறது. அதைச் சுருக்கி எழுதியவர் ஓய்வுபெற்ற பிறகு தங்கை வீட்டுக்கு வந்து, வீட்டையே ஆளில்லாத கூடமாக்கி, அதைக் காவல் காக்கிறார். அருவருப்பு என்பதைவிட நல்ல சொல் எனக்கு அகப்படவில்லை.

மனைவி காப்பி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். உட்காரவில்லை.

“ரூல விடுண்ணே. நான் மாம்பழம் தின்னேனா இல்லியா, அத மட்டும் சொல்லு.”

“இப்ப என்னத்துக்கு அது? உடம்பு சரியாயிட்டுல்லா.”

“ஆஸ்பத்திரியில ஊருக்கே கேக்கச் சொன்னேல்லா. இப்ப இங்க நாங்க ரெண்டு பேருதான் இருக்கோம். சொல்லு.”

அவர் காப்பியை ஆற்றினார். ஒரு வாய் குடித்தார். டபராவை மேஜையில் நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

“சரி, தின்னலன்னே வச்சுக்குவோம்.”

“வச்சுக்க வேண்டாம்ணே.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கையேட்டை மூடி எடுத்துவைத்தேன். மகன் ஜல்தி வரச் சொல்லியிருக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து செருப்பை மாட்டினார். டம்ளரில் பாதிக்கு மேல் காப்பி மிச்சம் இருந்தது.

அடுத்த நாள் அவள் தானாகவே டிஸ்பென்சரிக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். திப்பி கட்டிய குப்பிகளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வரிசையில் நின்று, முறை வந்ததும் அவற்றை மருத்துவரின் மேஜைமீது ஒவ்வொன்றாக வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். இரண்டாவதையும் உருட்டினார். அட்டையைக் கேட்டு வாங்கினார். டிஸ்சார்ஜ் தாளில் எழுதியதை அடிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். மருந்து வெப்பத்தில் கெட்டிருந்தது, நோயாளியின் பிசகு இல்லை என்று அட்டையில் ஆங்கிலத்தில் புதிதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் அந்த வரியை என்னிடம் காட்டி, தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.