கூரையை எத்தனை அங்குலம் பதிப்பது

நாள் முழுக்க மற்றவர்களின் காரைத் தட்டி நெளிவு எடுக்கிறவன், சனிக்கிழமையிலும் அதே கராஜுக்குப் போய்த் தன் காரைத் தட்டுவானா? நான் தட்டினேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் மூன்று வருடம், வில்லரேயில் இருந்த வீட்டிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸுமாக மாறி மாறி, நகரின் மறுகோடியில் புவாண்ட்-கிளேரில் இருந்த கராஜுக்குப் போய்த் தட்டினேன். கார் கட்டப் போகிறவன் பஸ்ஸில் போவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஓடக்கூடிய கார் அப்போது என்னிடம் இல்லை.

அது முப்பதுகளில் செய்த இரண்டு கதவுக் கார். கராஜ் முதலாளியின் பின்வளவில் இருக்கையும் எஞ்சினும் இல்லாமல் கிடந்தது. பின்பக்க வளைவில் உள்ளங்கையை வைத்தால் ஓரிடமும் தடக்காமல் கீழே வரை வழுக்கிக்கொண்டு போகும். அதைச் செய்தவர்கள் என்ன மனிதர்களோ என்று நான் எத்தனையோ தரம் வியந்திருக்கிறேன். முதலாளி கெபெக் பிரெஞ்சுக்காரர், இளவயதில் இப்படி நான்கைந்து கார் கட்டியவர். நான் அதைத் தடவிக்கொண்டே நிற்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, "நீயே எடுத்துக்கொள், ஆனால் அரைகுறையாய் விடாதே" என்றார்.

இந்த மாதிரிப் பழைய காருக்குப் பலமான எஞ்சின் பூட்டி, உடம்பை வெட்டிக் குறுக்கி ஓட்டுவதற்கு ஹொட் ரொட் என்று பெயர். அதில் உயிரான வேலை கூரையைப் பதிப்பதுதான். கூரையைத் தாங்கும் கால்களை நடுவில் வெட்டி, ஒரு துண்டை எடுத்து எறிந்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கி மறுபடி ஒட்ட வேண்டும். ஜன்னல்கள் ஒடுங்கிவிடும், கார் பதுங்கி நிற்பதுபோல் இருக்கும். எத்தனை அங்குலம் வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டிய பிறகு ஐயோ என்றால் ஒன்றும் நடக்காது.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு நான்கு என்றார். சோக்கட்டியால் சுவரில் பெரிதாக நான்கு என்று எழுதியும் விட்டார். மூன்றுக்குக் கீழே வெட்டினால் வெட்டியதே ஒருவருக்கும் தெரியாதாம். எனக்கும் நான்கு பிடித்திருந்தது. இருந்தாலும் முடிவு சொல்லத் துணிவு வராமல் இரண்டு மாதம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அந்த முட்டுக்கட்டையை உடைத்தவள் என் மனைவி.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் மாதிரி தைக்கிறவள். புதிய உடுப்பு எதுவும் முதலில் அவள் கையால் ஒன்று வெட்டித் தைத்துச் சரிபார்த்த பிறகுதான் மற்றவர்களிடம் போகும். அவளுடைய அளவில் கால் அங்குலம் பிழைத்ததாக ஒருவரும் சொன்னதில்லை. என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். கலியாணம் பேசியபோது ஊரிலிருந்து வந்த படத்தில் கதிரையில் இருந்தாள். உயரத்தை அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. விமான நிலையத்தில் அவள் நடந்து வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. தேவாலயத்தில் கலியாணப் பூசை முடிந்து படம் எடுக்கும்போது படக்காரர் பேசாமல் ஒரு பலகையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். அந்தப் படம்தான் இன்றைக்கும் எங்கள் சுவரில் தொங்குகிறது.

ஒரு ஞாயிறு பூசையால் வந்த பிறகு, காரின் படத்தை நான்கு பிரதி எடுத்துத் தரச் சொன்னாள். குசினி மேசையில் வைத்து ஒன்றில் இரண்டு அங்குலக் கணக்குக்கும், அடுத்ததில் மூன்றுக்கும், இன்னொன்றில் நான்குக்கும் கத்தரிக்கோலால் கீற்று வெட்டி எடுத்து ஒட்டினாள். நாலாவதை அப்படியே விட்டாள். நான் இரண்டு மாதமாகக் கனவில் கண்டதைக் கால்மணி நேரத்தில் கண்முன்னால் பரப்பி வைத்துவிட்டாள்.

"நாலுதான் வடிவு," என்றேன்.

"வடிவுதான். ஆனால் துணி எண்டால் உள்ளுக்குக் கொஞ்சம் விட்டுத் தைக்கலாம், பேந்து இளக்கலாம். தகரத்தில அப்பிடி ஏலாதெல்லோ. எல்லாத்தையும் அளந்துபோட்டு வெட்டுவம்."

அடுத்த சனிக்கிழமை அவளும் கராஜுக்கு வந்தாள். அங்கே இன்னொரு சிக்கல் காத்திருந்தது. கூரைக் கால்கள் நேராக நிற்பவை அல்ல, மேலே போகப் போக உள்ளே சாய்பவை. நடுவில் ஒரு துண்டை எடுத்தால் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் பொருந்தாமல் விலகி நிற்கும். அதை எப்படிச் சமாளிப்பது என்று நானும் முதலாளியும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு தரம் காரைச் சுற்றி வந்தாள். பிறகு நிலத்தில் காட்போட் மட்டையை விரித்து, முழங்காலில் இருந்து, ஒவ்வொரு காலுக்கும் அச்சு வெட்டத் தொடங்கினாள்.

"இது சட்டைக்குத் தோள் இறக்கிற மாதிரித்தானே. தோளை மட்டும் இறக்கினால் கை நிக்காது, கைக்குழியையும் மாத்த வேணும். முன்காலைக் கொஞ்சம் பின்னுக்குச் சாயுங்கோ. மிச்சத்துக்குக் கூரையில குறுக்கால ஒரு துண்டு வையுங்கோ."

முதலாளி அந்த மட்டைகளைக் காரில் வைத்துப் பார்த்தார். பொருந்தின. தன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு அவளுக்கு "மெர்சி, மதாம்" என்றார். கராஜில் எங்கள் ஒருவருக்கும் அவர் அந்த நன்றி வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குப் பெருமையில் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, ஏதோ நான் வெட்டியதுபோல.

நாங்கள் இருவரும் இருக்கும்போது இருக்கையிலிருந்து உச்சந்தலைவரை வரும் உயரத்தையும் அவள் வீட்டிலேயே அளந்து வந்து மட்டையின் ஓரத்தில் எழுதியிருந்தாள். நான் முப்பத்துமூன்றரை அங்குலம், அவள் முப்பத்துமூன்று. நான்கு அங்குலம் வெட்டினால் உள்ளே இருக்கைக்கும் கூரைக்கும் நடுவில் முப்பத்துநாலரை மிஞ்சும். இருக்கையை ஏற்கெனவே தரையோடு தரையாகப் பதித்துவிட்டோம், இதற்குமேல் இறக்க இடமில்லை. கணக்குச் சரி என்று எனக்குப் பட்டது. என்னைவிட உயரமான ஒருத்தி இருக்கையில் இருந்தால் மட்டும் எப்படி என்னைவிடக் குறைவாள் என்று என் மண்டையில் ஏறவில்லை.

முதலாளி கடைசியாக ஒன்று செய்யச் சொன்னார். புதிய கூரை வரப்போகும் உயரத்தில் காருக்குள்ளே குறுக்கே ஒரு கயிறு கட்டினோம். நான் போய் இருந்தேன், தலைக்குமேல் ஒரு அங்குலம் இடம் இருந்தது. அவள் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளுக்கும் இடம் இருந்தது. நான் இறங்கி, வெட்டுகிற மெஷினைக் கையில் எடுத்துக் கண்ணாடியையும் போட்டுவிட்டேன்.

அந்த நேரம் முதலாளி, காரை முடித்ததும் முதல் ஓட்டத்துக்குத் தன்னையும் ஏற்ற வேண்டும், டிக்கிக்குள் என்றாலும் படுத்துக்கொண்டு வருவேன் என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பில் முதுகு நிமிர்ந்தது. கயிறு அவள் நெற்றியில் இறுகி, நெற்றியில் கோடு விழுந்தது.

சட்டென்று குனிந்துகொண்டாள்.

நான் மெஷினைக் கீழே வைத்தேன். "முப்பத்துமூண்டு எண்டு எப்பிடி அளந்தனீர்?"

"வழக்கமா இருக்கிற மாதிரி இருந்துதான்."

"நிமிந்து இருந்தால்?"

அளவு நாடாவை அவளுடைய கழுத்திலிருந்து எடுத்து நானே அளந்தேன். முப்பத்தைந்தரை.

"அது பரவாயில்லை," என்றாள். "நான் குனிஞ்சு இருப்பன். எனக்குப் பழக்கம்தானே. நீங்கள் ஆசைப்பட்ட மாதிரி நாலே வெட்டுங்கோ."

அந்தப் பழக்கத்தை யார் பழக்கினார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் வந்த முதல் மாதம், ஒரு பிறந்தநாள் விழாவில், எங்கள் இருவரின் உயரத்தையும் பார்த்து யாரோ பகிடி விட்டார்கள். அதற்கு அவர்களோடு நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இவளில் பாய்ந்தேன். குதி உயர்ந்த செருப்புப் போட வேண்டாம் என்றேன். ஆக்களுக்கு முன்னால் கொஞ்சம் பதிந்து நில்லும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், அதுவும் ஒரே ஒரு தரம். அவள் பதினாலு வருடம் அதைச் செய்துகொண்டு வந்திருக்கிறாள், தனியே குசினியில் தன்னை அளக்கும்போதும் கூட. ஊரார் உடுப்பில் கால் அங்குலம் பிழை விடாதவள், தன் உடம்பில் இரண்டரை அங்குலத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முன்கோபக்காரன் நான். அன்றைக்கு அந்தக் கோபத்தைக் காட்ட என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

கயிற்றை அவிழ்த்து மேலே கொண்டுபோய்க் கட்டினேன். சுவரில் இருந்த நான்கைத் துணியால் துடைத்துவிட்டு இரண்டு என்று எழுதினேன்.

முதலாளியால் அடக்க முடியவில்லை. "இரண்டா? உனக்குப் பைத்தியமா? நீ வெட்டியதே தெரியாது. நாலு வெட்டினாலும் உனக்கு இடம் இருக்கிறதே" என்று பிரெஞ்சில் கத்தினார்.

நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அவளுக்கும் கேட்கும்படி சொன்னேன்: "என்னைவிட என் மனைவி உயரம்."

பதினாலு வருடத்தில் அதை நான் ஒரு மனிதரிடமும் சொன்னதில்லை. பகிடி விட்டவர்களிடம்கூட இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றுவிட்டுக் கோப்பி எடுக்கப் போனார். அவருக்கு அது ஒரு அளவு மட்டும்தான்.

அவள் இன்னும் காருக்குள்தான் இருந்தாள், கயிறு மேலே போன பிறகும் குனிந்தபடியே.

"நிமிந்து இரும்," என்றேன்.

கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"இன்னும்."

முழுதாக நிமிர்ந்தாள். தோள் விரிந்து, கழுத்து நீண்டு, முன்கண்ணாடி வழியே நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளை நான் அப்படிப் பார்த்தது அதற்குமுன் ஒரு தரம்தான், விமான நிலையத்தில், என்னைத் தேடிக்கொண்டு அவள் நடந்து வந்தபோது. எவ்வளவு வடிவாக இருந்தாள். கயிற்றுக்கும் அவள் தலைக்கும் நடுவில் என் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு அங்குலம் இருந்தது.

"இப்ப வெட்டுங்கோ," என்றாள்.