பூட்டிய வீட்டின் கோலம்

ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து வந்த ஜட்கா எங்கள் தெருவில் திரும்புகிறது. தோல் கிடங்குகளின் ஆவாரம்பட்டை வாடை எனக்கு முன்னே வந்து நிற்கிறது. வீட்டில் கன்னம் வைத்துத் திருடிவிட்டார்கள் என்ற தந்தியைக் கண்டு, மனைவியை ரங்கூனில் விட்டுவிட்டு நான் மட்டும் கப்பலேறி வந்திருக்கிறேன்.

வாசற்கதவில் பூட்டு அப்படியே தொங்குகிறது. அதன் கீழே, ஈரம் காயாத தரையில், புதுக்கோலம். ஆறு மாதமாக ஆளில்லாத வீடு இது.

பக்கத்து வீட்டு பாத்திமா முக்காட்டை இழுத்துவிட்டபடி வருகிறாள். விரல்களில் மாவு.

"நான்தாண்ணா தெனமும் போடறேன். ஆள் இருக்கிற ஊடுன்னு திருடன் நெனைக்கட்டும்னு. போன மாசம் வாணியம்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டேன். ரெண்டு நாள் வாசல் சும்மா கெடந்துது. பின்பக்கம் சுவத்தைத் தோண்டிட்டான். குத்துவிளக்கு, அண்டா எல்லாம் போய்டுச்சு." தானே திருடியதுபோலத் தலை குனிகிறாள்.

"போனா போவுது, விடும்மா. உங்க வீட்ல கோலம் போடற வழக்கமே இல்லியே, யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"ரங்கூனுக்குக் கெளம்புன அன்னிக்கு அண்ணி போட்டாங்களே, அதைப் பாத்து மனசுல வச்சிக்கினேன். எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

குனிந்து பார்க்கிறேன். எட்டு இதழ்த் தாமரை. வலது ஓரத்தில் மட்டும் ஓர் இதழ் இல்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று அன்று நான் கத்தியதில், என் மனைவி போடாமல் எழுந்துவிட்ட இதழ் அது.