நீர் ஒட்டாத பூச்சும் புவனா வீட்டுக் கூரையும்

பெயிண்ட், ஹார்டுவேர் கடை நடத்துகிறவன் வருகிற சரக்கு ஒவ்வொன்றையும் சந்தேகிக்க வேண்டும். நுண்பொருள் அறிவியலில் பற்றுள்ளவன் புதிதாக வருவது ஒவ்வொன்றையும் வியக்க வேண்டும். இவ்விருவரும் ஒரே உடம்பில் குடியிருந்தால் நிம்மதி என்னவாகும் என்பதை, என்னைப் போலவே கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்து அறிவியல் கட்டுரை படிக்கும் அன்பர்கள் அறிவர்.

என் கடை அயனம்பாக்கத்தில் உள்ளது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பின்னர் கற்றதெல்லாம் நானே கற்றது. கரி அணுக்கள் ஒற்றை அடுக்காகப் பரவி நின்றால் எஃகினும் வலிமை பெறும் என்பதை இந்தச் சாலையில் முதலில் அறிந்தவன் நானே. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு எவரும் சொல்லாததால் சொல்கிறேன். ஆயினும் 'நானோ' என்று அச்சிட்ட டப்பா கடைக்குள் வந்தால், அதை இறக்கி வைத்தவரின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

உருண்டோடிய நீர்

சென்ற ஆண்டு மழை தொடங்கும் வேளையில் தினேஷ் என்ற விற்பனைப் பிரதிநிதி ஒரு நீர்த்தடுப்புப் பூச்சோடு வந்தார். அவரை அழைத்து வந்தவர் கார்த்திக். ஏரிக்கரையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர், மதுரையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர். அக்குடியிருப்பின் மேல்மாடியில் தையல் தொழில் செய்யும் புவனாவின் வீட்டில், மழைக்காலம் வந்தால் கூரையின் ஒரு மூலை ஒழுகும். முந்தைய ஆண்டு ஒரு கல்யாணப் பட்டு ரவிக்கை அதில் கறைபட்டது. அந்தக் கல்யாண வீட்டார் அதன்பின் வரவில்லை. அவர்கள் சொல்லி வேறு சிலரும் வரவில்லை. இம்முறையும் ஒழுகினால் சொந்தத் தையலை விட்டுவிட்டு அம்பத்தூரில் ஏதேனும் ஆடைக் கம்பெனியில் சேர வேண்டியதுதான் என்று புவனா முடிவுகட்டியிருந்தார்.

தினேஷ் பூச்சிட்ட ஓடு ஒன்றைச் சாய்த்துப் பிடித்து நீரை ஊற்றினார். நீர் முத்து முத்தாக உருண்டோடியது, ஓடு நனையவில்லை. கார்த்திக் அதைக் கைபேசியில் படம் பிடித்தார். அது தாமரை இலையின் தத்துவம். இலையின் மேல் கண்ணுக்குப் புலப்படாத மேடுகள், அவற்றின் மீது மெழுகு, மேடுகளின் நுனியில் அமரும் துளி. அறிவியலில் பொய் இல்லை. ஆனால் உருண்டோடும் நீர் வேறு, நாள் முழுதும் தேங்கி நின்று அழுத்தும் நீர் வேறு. ஓட்டைக் கிடையாக வைத்து, அதன்மேல் நீரை நிறுத்திக் காட்டும்படி கேட்டேன். அவர் ஓட்டைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாக் கடையிலயும் கை தட்டுறாங்க சார். நீங்க மட்டும் ஸ்டேஷன்ல உக்கார வெச்சு விசாரிக்கிற மாதிரி பாக்குறீங்க."

பல்லியின் கால்

அந்த வாரமே கோவில்பதாகையிலிருந்து லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர் வந்து, சுவரில் பல்லி ஒட்டாமல் வழுக்கி விழும்படியான நானோ பெயிண்ட் இருக்கிறதா என்று கேட்டார். எங்கோ விளம்பரத்தில் பார்த்தாராம். அப்படி ஒன்றை விற்பவன் ஏமாற்றுக்காரன் என்று எச்சரித்தேன். பல்லி பசையால் ஒட்டுவதில்லை; அதன் விரல்களின் அடியில் கூட்டம் கூட்டமாக நுண்மயிர்கள் உண்டு, அவற்றின் நுனி மேலும் மேலும் பிளந்து சுவரின் அணுக்களை நெருங்குகிறது, அந்த நெருக்கத்தில் எழும் ஈர்ப்பினால்தான் கண்ணாடியிலும் அது நிற்கிறது என்று விளக்கினேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு வெளியே நின்ற நண்பரிடம் போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது: "வா மச்சான், வேற கடைக்குப் போலாம். பல்லிக்குக் கால்ல முடி கீதுன்றாரு. இவுர நம்பி இன்னா பெயிண்ட் வாங்குறது?"

பின்கட்டுச் சோதனை

தினேஷ் ஒரு மாதிரி டப்பாவை விட்டுச் சென்றிருந்தார். கடையின் பின்கட்டில் இரண்டு தரை ஓடுகளுக்கு அதைப் பூசினேன். ஒன்று முழு ஓடு. மற்றதில் மயிரிழை விரிசல். இரண்டின் மேலும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டை நிறுத்தி, சன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்கை அடியைச் சுற்றி வைத்து அடைத்து, நீர் நிரப்பி, ஓடுகளைச் செங்கல்லின் மேல் வைத்தேன். மறுநாள் முழு ஓட்டின் அடிப்புறம் காய்ந்திருந்தது. விரிசல் ஓட்டின் அடியில் ஈரம். நீரை வெறுக்கும் குணத்தைப் பூச்சு கொடுக்கிறது. விரிசலைப் பாலம் போட்டு மூடும் குணம் அதற்கு இல்லை. நான் சந்தேகித்தது சரியாயிற்று.

சிமெண்ட் வாங்க வந்த கொத்தனார் ஏழுமலை பின்கட்டை எட்டிப் பார்த்தார். நான் தரையில் படுத்து ஓட்டின் அடிப்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "ஒட்ஞ்ச ஓட்டுல தண்ணி ஊத்திட்டு ஒழுவுதான்னு பட்த்துகினு பாக்குறியே நைனா, ஊட்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

என் டப்பா, அவர் டப்பா

முடிவை எடுத்துக்கொண்டு கார்த்திக்கிடம் போனேன். மொட்டைமாடிக்கு ஏறினோம். புவனா வீட்டுக் கூரைக்கு நேர் மேலே, தண்ணீர்த் தொட்டி இருக்கும் படிக்கட்டு அறையின் ஓரத்தில், தட்டோடுகளில் விரிசல்கள் ஓடின. நான் விரலால் தொட்டுக் காட்டி, முதலில் இவற்றை அடைக்க வேண்டும், அதற்குரிய பசை என் கடையில் இருக்கிறது என்றேன்.

கார்த்திக் மரியாதை தெரிந்தவர். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்: "நீங்க சொல்றது சரியா இருக்கலாம் சார். ஆனா அவரு அவரு டப்பாவை விக்கிறாரு, நீங்க உங்க டப்பாவை விக்கிறீங்க. நான் யாரை சார் நம்புறது?"

இரண்டு பாத்திகள்

ஊரையெல்லாம் சந்தேகிக்கும் என்னையே ஒருவர் சந்தேகித்தது நெஞ்சில் தைத்தது. புதுக் கான்கிரீட் போட்டால் அதன்மேல் கலவையால் வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாக நீர் நிறுத்துவது நம் கட்டட வேலையின் வழக்கம். அதையே சோதனையாக்குவோம் என்றேன். விரிசல் உள்ள பகுதியில் ஏழுமலை இரண்டு பாத்திகள் கட்டினார். ஒன்றில் தினேஷின் பூச்சு, மற்றதில் என் பசை. இரண்டும் காய்ந்தபின், ஒரு மாலையில் நீர் நிரப்பினோம். கீழே புவனா தையல் இயந்திரத்தைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டு, மூலைக்கு நேர் கீழே பழைய புடவையை விரித்தார்.

காலையில் புடவை காய்ந்தே கிடந்தது. இரண்டு பாத்திகளும் ஒழுகவில்லை. தினேஷ் சிரித்தார், எனக்கு அந்த உலர்ச்சியின் மீதே சந்தேகம் வந்தது. வெயிலில் சற்றுக் குறைந்த நீரை ஈடுசெய்ய கார்த்திக் மோட்டாரைப் போட்டார். பாத்திகளை நிரப்பிக் குழாயை மூடிவிட்டு, நான், கார்த்திக், தினேஷ், ஏழுமலை நால்வரும் பாத்திகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததில், மோட்டாரை நிறுத்த எவரும் நினைக்கவில்லை. கீழிருந்து புவனாவின் குரல் கேட்டது: "அண்ணே, ஒழுவுதுண்ணே."

ஓடினோம். மூலையில் துளி துளியாக நீர். தினேஷ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மேலே வந்து பார்த்தால் இரண்டு பாத்திகளிலும் நீர்மட்டம் நிரப்பிய இடத்திலேயே நின்றது; நான் விரல் வைத்துக் காட்டிய விரிசல்கள் தட்டோட்டோடு நின்றவை, கூரைவரை இறங்கியவை அல்ல. தொட்டியோ நிரம்பித் ததும்பி நின்றது. ததும்பும் நீரை வெளியேற்றும் குழாய் படிக்கட்டுச் சுவருக்குள் இறங்கித் தரைக்கு அருகே வெளிவருகிறது. கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். நீர் கொட்ட வேண்டிய அந்தக் குழாய்வாய் தூசி படிந்து காய்ந்திருந்தது. குழாய் சுவருக்குள்ளேயே உடைந்து, போகிற நீரையெல்லாம் புவனாவின் கூரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தியதும் சற்று நேரத்தில் ஒழுக்கும் நின்றது.

கோடையில் ஆழ்குழாய்க் கிணறு இளைத்துவிடும்; தொட்டி ததும்புவதே இல்லை. மழை பெய்து ஏரி ஏறினால் கிணற்றில் நீர் ஏறும், தொட்டியும் ததும்பும். ஆகவே மழைக்காலத்தில் மட்டும் ஒழுகியது. எல்லோரும் வானத்தைக் குற்றம் சாட்டினோம். தினேஷ் தன் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இதுலயாவது என் சரக்கு மேல தப்பு இல்லைன்னு நாலு பேர்கிட்ட சொல்லுவீங்களா சார்?"

மழைக்குப் பின்

சுவருக்குள் இருந்த குழாயை அடைத்துவிட்டு, வெளிப்புறமாகப் புதுக் குழாய் இறக்கினார்கள். தினேஷின் பூச்சும் விற்கவில்லை, என் பசையும் விற்கவில்லை. பிறகு மழை விடாமல் பெய்தது. கூரை மூலை காய்ந்தே இருந்தது. கறையை மறைக்க வெள்ளைப் பெயிண்ட் வாங்கப் புவனா கடைக்கு வந்தார். கல்யாண வேலை மீண்டும் வரத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். கம்பெனிப் பேச்சை எடுக்கவில்லை. இயந்திரத்தைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "இல்லண்ணே, இன்னும் கூடத்துலதான் கீது. ஒழுவல, நல்லாத்தான் கீது. ஆனா உங்களாண்ட பழகி எனக்கும் சந்தேகம் புடிச்சிக்கிச்சு."

கண்ணுக்குத் தெரியாத பொருள்களைப் பற்றி ஆயுள் முழுதும் படித்தவன், கண்ணுக்குத் தெரியும் குழாயை எல்லாவற்றுக்கும் பிறகுதான் பார்ப்பான் என்பதே இத்தொழிலில் நான் எவரிடமும் விலை பேசாமல் பெற்ற ஞானம்.