ஊறப்போட்ட சார்ட்

1972-ம் ஆண்டு. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி, நாலாம் வகுப்பு. அந்த வெள்ளிக்கிழமை காலை முப்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். வராதவர்கள் இரண்டே பேர். ஒருவன் அம்மை போட்டுப் படுத்திருந்த பையன். அவன் அந்த வாரம் முழுக்கவே இல்லை. இன்னொருத்தி ஜன்னலோரம் உட்காரும் பெண். அவள் வராததற்குக் காரணம் நான்தான் என்பது, பதிவேட்டில் அவளுக்கு 'வரவில்லை' என்று குறித்தபோது எனக்குத் தெரியாது.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சி மாணவன். ஒரு வாரம் நிஜமான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்று அந்தப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். திருமுக்கூடல் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பயிர் செய்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் மற்ற பயிற்சி மாணவர்களுக்கு வெறும் ஒரு வாரமாக இருந்தது, எனக்குக் கொஞ்சம் பெரிய விஷயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே வேட்டியைத் துவைத்து, பாடக்குறிப்பை இரண்டு முறை திருத்தி எழுதிவிட்டேன்.

அந்த வாரத்தின் முதல் நான்கு நாட்களை இப்போது நினைத்தாலும் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். திங்கட்கிழமை இலை சேகரித்தோம்; பார்த்து முடித்ததும் மாலையில் அவரவர் இலையைத் திருப்பிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் ஏரியிலிருந்து ஒரு பை களிமண்ணைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தேன். "இதுக்கும் டிக்கெட் எடுப்பா" என்றார் கண்டக்டர். சட்டி பானை செய்வார்கள் என்று பார்த்தால், பாதிப் பேர் தறி செய்தார்கள். மிதிகட்டை உட்பட. ஒரு பையன் தறிக்குப் பக்கத்தில் ஒரு மண் மனிதனையும் உட்கார வைத்து, "எங்கப்பா சார், பீடி குடிச்சிக்கினு இருக்காரு" என்றான். தெருவில் இருந்து தறிச் சத்தம் வகுப்புக்குள் வந்துகொண்டே இருக்கும். வாய்ப்பாடு சொல்லும்போது பிள்ளைகள் தங்களை அறியாமல் அந்தத் தாளத்துக்குச் சொல்வார்கள்.

புதன்கிழமைக்கு நான் வைத்திருந்த பாடம் 'நம் ஊர்த் தொழில்'. பெரிய சார்ட் அட்டையில் ஒரு பட்டுப் புடவையின் முந்தானையைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தேன். அதன் மேல் நிஜ நூலை ஒட்டி நிறம் கொடுப்பது திட்டம். வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வருவார். அந்தச் சார்ட்டுக்குத்தான் மார்க். "வீட்டில் வேண்டாமென்று கிடக்கிற நூல் துணுக்கு எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள்" என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் சாக்கு நூலும், காற்றாடி நூலும், அக்காவின் பழைய ரிப்பனுமாகக் கொண்டு வந்தார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கடைசியாக ஜன்னலோரப் பெண் எழுந்து வந்து, பழந்துணியில் கட்டிய சின்ன மூட்டையை மேஜைமேல் வைத்தாள். பிரித்தால் அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று பட்டுத் துணுக்குகள். நடுநடுவே ஜரிகை மின்னியது. நான் "சபாஷ்" என்று சொல்லி, எல்லோரையும் கைதட்ட வைத்தேன். கைதட்டல் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பசைக் கிண்ணத்தை எடுத்தபோது அவள் கிட்டே வந்து, "ஒட்டாம காட்ட முடியாதா சார்?" என்று கேட்டாள்.

"ஒட்டினாத்தாம்மா நிக்கும்" என்றேன். அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சார்ட் முடிந்து சுவரில் ஏறியது. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு நான் மட்டும் வராந்தாவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அம்மா பார்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை, "ஏன் வரவில்லை, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். களிமண்ணில் அப்பாவைச் செய்த பையன் எழுந்தான்.

"அவங்க வூட்ல ரகளை சார். கழிவு மூட்டைய காணோம்னு அவங்கப்பா ராத்திரிலேர்ந்து தேடிக்கினு இருக்காரு."

"கழிவுதானே, அதுக்கு எதுக்குப்பா தேடணும்?"

அவன் சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னான். "முதலாளி பட்ட எடை போட்டு குடுப்பாரு சார். நெய்ஞ்சி முடிச்சா புடவையயும் கழிவயும் சேத்து எடை போட்டு வாங்கிப்பாரு. கொறைஞ்சா நூல எடுத்துட்டான்னு சொல்லுவாரு."

"புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே."

"நீங்க சபாஷ்னு சொல்லிட்டீங்களே சார்."

எங்கள் ஊரில் நெல் தூற்றிய களத்தில் மிஞ்சும் பதரை யார் வாரிக்கொண்டு போனாலும் கேட்க மாட்டோம். நானும் பட்டுத் துணுக்கை அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த வகுப்பில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான். அந்தப் பெண்ணுக்கும் தெரியும். இலைகளைத் திருப்பிக் கொடுத்ததுபோல இதையும் மாலையில் தந்துவிடுவேன் என்று நம்பிக் கொண்டு வந்திருக்கிறாள்.

வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டு இரண்டு தெரு தள்ளி இருந்த அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். தறியில் நெய்வதற்குப் பாவு நூல் ஏற்றியிருக்கவில்லை. மூன்று புடவைகள் அறுத்து மடித்து ஓரமாக இருந்தன. அவள் மூலையில் நின்றாள், முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து, "வாங்க சார்" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மகளை ஒருமுறை பார்த்தார். "வாயத் தொறந்து சொன்னா இன்னாம்மா?" என்றார். பிறகு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒட்டிட்டீங்களா சார்?"

"ஒட்டிட்டேங்க."

"நாளைக்கு காலைல புடவை குடுக்கணும். மூணு புடவைக்கும் சேத்து வெச்ச கழிவு அது. இந்தத் தெருவுலயே ஒருத்தருக்குப் போன வருசம் எடை கொறைஞ்சிதுன்னு அடுத்த பாவு இல்லைனுட்டாங்க. ரெண்டு மாசம் தறி சும்மா கெடந்துது. அவரு நூல தொட்டாரா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? பேரு போயிடுச்சி."

அவளையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினேன். சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்தபோது டீச்சர், "உங்க விரிவுரையாளர் ரெண்டு மணிக்கு வந்துடுவாரே தம்பி. பாத்துட்டுப் போனப்புறம் எடுக்கலாமே" என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் ரெண்டு மணிக்கு மேல் ஊறவைத்தால் வெயில் போய்விடும். ஈரத்தோடு தராசில் வைக்க முடியாது.

மதிய உணவுக் கூடத்து ஆயாம்மாவிடம் கெஞ்சி ஒரு பெரிய அண்டா வாங்கினோம். முந்தானைச் சார்ட்டை அப்படியே தண்ணீரில் போட்டேன். பதற்றத்தில் ஒரு இழையைப் பிடித்து இழுக்க, அது பாதியில் அறுந்தது.

"இழுக்காதீங்க சார்" என்றாள் அவள். "ஊறட்டும். அதுவா வரும்."

காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. அதற்குப் பிறகு நான் கையை எடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு பிள்ளைகளும் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, ஊறிய இழைகளை ஒவ்வொன்றாக உருவி, இரண்டு விரலுக்கு நடுவே வழித்துப் பசையை எடுத்து, தங்கள் சிலேட்டில் பரப்பினார்கள். ஒன்பது வயதுக் கைகள். ஒரு இழைகூட அறுபடவில்லை. ஜரிகையைத் தனியாக ஒரு சிலேட்டில் வைத்தார்கள். "தோ, அங்க ஒண்ணு தரையில இருக்குது பாரு" என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டார்கள். காற்று வந்தபோது எல்லோரும் சிலேட்டின் மேல் குனிந்து முதுகால் மறைத்தார்கள். நான் எழுதி வைத்திருந்த எந்தப் பாடக்குறிப்பிலும் அப்படி ஒரு வகுப்பு இல்லை.

விரிவுரையாளர் சரியாக ரெண்டு மணிக்கு வந்தார். வராந்தாவில் வெயிலில் கிடந்த சிலேட்டுகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்து, வெறும் சுவரைப் பார்த்தார்.

"சார்ட் எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் முன் வரிசையிலிருந்து ஒரு குரல், "காய்ஞ்சிக்கினு இருக்குது சார்" என்றது. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். விரிவுரையாளர் மட்டும் சிரிக்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, 'துணைக்கருவி இல்லை' என்று தன் நோட்டில் எழுதினார்.

மறுநாள் காலை, வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் அந்த நெசவாளரோடு நானும் முதலாளி வீட்டுக்குப் போனேன். முதலாளி புடவைகளை விரித்துப் பார்த்து ஓரமாக வைத்தார். கழிவு மூட்டையைப் பிரித்ததும் இரண்டு விரலால் ஒரு துணுக்கை எடுத்து நெரடினார். பசை எவ்வளவுதான் வழித்தாலும் முழுதாகப் போகவில்லை.

"இன்னாபா, கழிவுக்குக் கஞ்சி போட்டுக் கொண்ணாந்திருக்கே?"

நான் முன்னால் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் என் முகத்தையும் வேட்டியையும் பார்த்தார். "வாத்தியாருக்குப் படிக்கிற தம்பி, இதைக் கேட்டுட்டு செய்யக் கூடாதா?" என்றார். புடவையோடு சேர்த்துத் தராசில் ஏற்றினார். குறைந்தது. அதில் பசையின் கனம் வேறு இருக்கிறது என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டு இன்னும் கொஞ்சம் குறைத்தார். பிறகு துணுக்குகளை வெகுநேரம் கிளறிக்கொண்டிருந்தார். நெசவாளரின் கைகள் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"எடை எடைதான். கொறைஞ்சத கூலில பிடிச்சிப்பேன்" என்று தொகையையும் சொன்னார் கடைசியில். "திங்கக்கிழமை வந்து அடுத்த பாவ எடுத்துக்கினு போ."

வெளியே வந்ததும் நெசவாளர் பெருமூச்சு விட்டார். நானும்தான். சட்டைப் பையில் ஊருக்குப் போக வைத்திருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் என் கையை மெல்ல மூடிவிட்டார்.

"வேணாம் சார். நூலக் குடுத்துட்டு வாத்தியார்கிட்ட காசு வாங்கினான்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான். அது பெரிய தொல்லை. நீங்க போய்ட்டு வாங்க." சைக்கிளில் ஏறியவர் திரும்பி, "பாப்பா திங்கக்கிழமை இஸ்கூலுக்கு வந்துடுவா" என்றார்.

திங்கட்கிழமை நான் அங்கே இல்லை. என் வாரம் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு பார்க்கவும் இல்லை. இப்போது வேறு ஊரில் எனக்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது. பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து ஒரு குச்சியைக் கொண்டுவரச் சொல்வதானாலும், அது யாருடைய குச்சி என்று கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். என்னை ஆசிரியனாக்க அரசாங்கம் செலவழித்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் பொருட்டு அந்த நெசவாளர் தம் கூலியில் விட்டுக்கொடுத்தது மூன்று ரூபாய் எழுபது காசு என்பது மட்டும் மறக்கவே இல்லை.